நாடு கடத்தப்பட்டோரும் நாடிச் சென்றோரும்

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வேற்றிடம் சென்று வாழும் தமிழர், எங்குச் சென்றாலும் முதலில் ஒரு கோயிலையும், அடுத்து ஒரு சங்கத்தையும் அமைத்துக்கொள்வர். சங்கம் எதற்கு என்று வினவினால், பொங்கல் விழா நடத்த, பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்க, நாடகமும் பட்டிமன்றமும் காண என்று பலரும் விடை பகர்வர். இவை யாவும் வேண்டுவனவே. எனினும், கடல் கடந்து சென்ற தமிழர் அமைத்த சங்கங்களுள் ஒன்று, ஒரு காலத்தில் இவற்றினும் பெரியதொரு பணியைத் தன் தோளில் சுமந்து நின்றது. குடியேற்றச் சட்டத்தால் பிடிக்கப்பட்டுச் சிறையிலும் கப்பல் தளத்திலும் அடைபட்டுக் கிடந்த தம்மவரைக் கைவிடாமல் காத்தலே அப்பணி. அந்த வரலாற்றை நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் எடுத்துரைப்பது பொருத்தமுடையது எனக் கருதுகின்றோம்.

நம் ஜில்லாவும் நேட்டால் நாடும்

இவ்வரலாற்றுக்கும் காளஹஸ்திக்கும் என்ன உறவு என்று அன்பர்கள் கேட்கலாம். உறவு உண்டு. நம் ஊர் இன்று திருப்பதி மாவட்டத்தில் இருக்கின்றது. 2022ஆம் ஆண்டு வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அந்தச் சித்தூர் ஜில்லாவே 1911ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதிதான் பிறந்தது. அதற்கு முன் காளஹஸ்தி ஜமீன் பகுதி, வட ஆர்க்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் நாட்டுக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோரில் பெருந்தொகையினர் இந்த வட ஆர்க்காட்டு மண்ணின் மக்களே. வானம் பொய்த்த ஆண்டுகளில், வயிற்றை நிரப்ப வழி தேடிப் புறப்பட்ட எளியோர் அவர்கள். தமிழ் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் ஒரே கப்பலில், ஒரே தளத்தில் படுத்துறங்கிச் சென்றனர்.

சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் முதற் கப்பல் 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி டர்பன் துறையை அடைந்தது. 1911ஆம் ஆண்டு ஒப்பந்த முறை நிறுத்தப்படும் வரை ஏறத்தாழ 1,52,000 பேர் அவ்வாறு சென்றனர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை மாகாணத்தவர். ஐந்தாண்டு ஒப்பந்தம் முடித்தவர்களும் அவர்தம் மக்களும் பொன் விளையும் டிரான்ஸ்வால் நாட்டை நாடிச் சென்றனர். ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா முதலிய நகரங்களில் கூடையில் காய்கறி விற்றும், உணவு விடுதிகளில் பணிபுரிந்தும், வண்டி ஓட்டியும் வயிறு வளர்த்தனர்.

சட்டமும் சீட்டும்

1907ஆம் ஆண்டு டிரான்ஸ்வால் சர்க்கார் ஒரு சட்டம் இயற்றிற்று. ஆசியர் ஒவ்வொருவரும் குற்றவாளியைப் போல் விரல் ரேகை பதித்துப் பதிவுச் சீட்டுப் பெற வேண்டும். போலீசார் கேட்ட இடத்தில், கேட்ட நேரத்தில் அதைக் காட்ட வேண்டும். மறுத்தால் அபராதம், சிறை, நாடு கடத்தல். இந்திய மக்கள் ‘கறுப்புச் சட்டம்’ என்று பெயரிட்டு அதை எதிர்த்தனர். காந்தியடிகள் தலைமையில் சத்தியாக்கிரகம் என்னும் புதிய போர்முறை பிறந்தது இச்சட்டத்தினாலேதான்.

போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. செல்வர் சிலர் பின்வாங்கினர். கடைசி வரை நின்றோரில் தமிழரே மிகுதி எனக் காந்தியடிகள் பன்முறை கூறியுள்ளார். ஜோகன்னஸ்பர்க்கில் இயங்கிய தமிழ் நலச் சங்கத்தின் தலைவர் தம்பி நாயுடு, மோரீசில் பிறந்தவர். வண்டிக் குத்தகைத் தொழில் செய்தவர். தமிழும் தெலுங்கும் இந்துஸ்தானியும் பேச வல்லவர். அவர் மீண்டும் மீண்டும் சிறை புகுந்தார். அவரைத் தமிழர் என்பதா, தெலுங்கர் என்பதா என்று அன்று எவரும் தர்க்கம் புரியவில்லை. இரு மொழியும் தழுவி வாழும் காளஹஸ்தி மக்களாகிய நமக்கு அது வியப்பும் அன்று.

நாகப்பன் என்னும் பதினெட்டு வயது இளைஞர் பத்து நாள் கடுங்காவல் பெற்றார். தென்னாப்பிரிக்காவில் ஜூன் மாதம் கடுங்குளிர்க்காலம். விடியற்காலைக் குளிரில் சாலை வேலை செய்ய ஏவப்பட்டார். நுரையீரலில் சளிக் காய்ச்சல் கண்டு, விடுதலை பெற்ற சில நாட்களில், 1909ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் தேதி உயிர் நீத்தார்.

கப்பலேற்றப்பட்டோர்

சிறை அவர்களை அசைக்கவில்லை என்று கண்ட சர்க்கார், நாடு கடத்தும் ஆயுதத்தை எடுத்தது. முதலில் நேட்டால் எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டனர். விடப்பட்டோர் அடுத்த வண்டியிலேயே திரும்பி வந்து மறுபடியும் சிறை புகுந்தனர். பின்னர், போர்த்துகீசியர் ஆட்சியிலிருந்த டெலகோவா விரிகுடாவுக்கு ரயிலேற்றி அனுப்பி, அங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பலேற்றும் ஏற்பாடு செய்யப்பட்டது. இன்று மபூட்டோ எனப்படும் நகரமே அத்துறைமுகம். 1910ஆம் ஆண்டு ஏப்ரலில் மட்டும் சுமார் 60 பேர் ஒரே கப்பலில் அனுப்பப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்.

இத்தண்டனையின் கொடுமையைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். சிறைத் தண்டனைக்கு முடியும் நாள் உண்டு. நாடு கடத்தலுக்கு அது இல்லை. மனைவி மக்களை ஜோகன்னஸ்பர்க்கில் விட்டுவிட்டுத் தனியே ஏற்றப்பட்டனர். அவர்களில் சிலர் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர். இந்தியா என்பது தாய் தந்தையர் சொல்லக் கேட்ட பெயரேயன்றிக் கண்ட நாடன்று. கப்பலின் மேல்தளத்தில் வெயிலிலும் மழையிலும் கிடந்து, கையில் காசின்றி, இறங்குமிடத்தில் தெரிந்த முகம் ஒன்றேனும் உண்டோ என்ற ஏக்கத்துடன் அவர்கள் கடல் கடந்தனர். மன உறுதியைக் குலைப்பதற்குத் தனிமையைக் காட்டிலும் கூரிய வாள் இல்லை என்பதைச் சர்க்கார் நன்கு அறிந்திருந்தது.

அந்த வாளை மழுங்கச் செய்தவர் யார்? படைத்தலைவர் அல்லர், அரசர் அல்லர். உடன் சென்றவர் ஒருவர். கரையில் காத்திருந்தவர் ஒருவர். ஊரில் குடும்பங்களைக் காத்தவர் சிலர்.

உடன் சென்றவர் பி. கே. நாயுடு. இச்செய்தியைக் காந்தியடிகள் தமது தென்னாப்பிரிக்க சத்தியாக்கிரக வரலாற்றில் குறித்துள்ளார். ஒரு கப்பல் புறப்படும் தறுவாயில், டர்பனில் பார்சி ருஸ்தம்ஜி இல்லத்தில், இவ்வேழைச் சகோதரருக்குத் துணையாகச் செல்ல இயலுமா என்று காந்தியடிகள் அவரைக் கேட்டார். உடனே இசைந்தார் நாயுடு. மாற்றுடை பற்றியோ உணவு பற்றியோ அவர் கவலைப்படவில்லை. அவரும் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர், இந்தியாவைக் கண்டறியாதவர். அங்கேயே சில துணிகளும் கம்பளியும் தேடித் தந்து, முதலில் அவர்களுடைய நலம், பின்னரே உம்முடைய நலம் என்று சொல்லி அனுப்பினார் காந்தியடிகள். சென்னைக்குத் தந்தியும் பறந்தது.

சென்னையில் கரம் நீட்டியவர்

அத்தந்தி சென்று சேர்ந்த இடம் ஜி. ஏ. நடேசனின் இல்லம். தஞ்சை ஜில்லா கணபதி அக்கிரகாரத்தில் 1873ஆம் ஆண்டு பிறந்த நடேசன், 1900ஆம் ஆண்டு முதல் ‘இந்தியன் ரிவியூ’ என்னும் ஆங்கில மாத இதழைச் சென்னையிலிருந்து நடத்தியவர். அவர் டிரான்ஸ்வாலைக் கண்டவர் அல்லர். நாடு கடத்தப்பட்டோருள் அவருக்கு உறவினர் எவரும் இருந்ததாகவும் இல்லை. வந்தோர் பெரும்பாலும் கூடை சுமந்து விற்ற எளியோர். அவரோ ஜார்ஜ் டவுனில் அச்சகமும் பதிப்பகமும் நடத்தும் படித்த பிரமுகர். அன்றைய சாதி வழக்கத்தில் இவ்விருவரையும் பிரித்த சுவர் எத்துணை உயரமானது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும், சென்னை வந்தடைந்தோரை அவர் தம்மவராக ஏற்று, உணவும் உடையும் தங்குமிடமும் கிடைக்கச் செய்தார். அவர்தம் துயரைப் பத்திரிகைகளிலும் பொதுக் கூட்டங்களிலும் எடுத்துரைத்தார். தென்னாப்பிரிக்காவில் மீண்டும் சிறை காத்திருக்கிறது என்று அறிந்திருந்தும், பலர் திரும்பிச் செல்லவே விரும்பினர். அவ்வுறுதி குலையாதிருந்ததற்கு நடேசனின் ஆதரவும் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை.

அவருக்குத் துணை நின்றவர் ஹென்றி போலக். இங்கிலாந்தில் பிறந்த யூதர். காந்தியடிகளின் உற்ற தோழர். 1909ஆம் ஆண்டு இந்தியா வந்து, ஊர் ஊராகச் சென்று, தென்னாப்பிரிக்க இந்தியரின் நிலையை விளக்கினார். அவர் எழுதிய நூலை அவ்வாண்டே நடேசன் அச்சிட்டு வெளியிட்டார். நிறத்தாலும் சமயத்தாலும் மொழியாலும் வேறுபட்ட ஒருவர், தமிழ்த் தொழிலாளிக்காக நாடு முழுதும் அலைந்தார் என்பதை நம் இளைஞர் மறத்தலாகாது.

மீண்டும் கடல்

1910ஆம் ஆண்டு, நாடு கடத்தப்பட்டோரில் ஒரு பகுதியினர் போலக்குடன் திரும்பக் கப்பலேறினர். செப்டம்பர் இறுதியில் டர்பன் துறையை அடைந்தனர். அங்குச் சிலருக்கே இறங்க அனுமதி கிடைத்தது. ஏனையோர் இறங்கத் தகுதியற்றவர் எனக் கூறிக் கப்பலிலேயே நிறுத்தப்பட்டனர். தென்னாப்பிரிக்கக் கரை கண்ணெதிரே தெரிகின்றது. கால் வைக்க இயலவில்லை. துறைமுகம் துறைமுகமாக அலைக்கழிக்கப்பட்டனர். அவர்களில் ஒருவரான நாராயணசாமி, வாரக்கணக்கில் திறந்த மேல்தளத்தில் போதிய உடையின்றிக் கிடந்து நோயுற்று, 1910ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் தேதி டெலகோவா விரிகுடாவில் மாண்டார். அவருக்கு எந்தக் கரையும் இடம் தரவில்லை.

கரையில் இருந்தோர் அப்போதும் வாளா இருக்கவில்லை. அம்மரணத்தைப் பத்திரிகைகளுக்கு எழுதி உலகறியச் செய்தனர். நாராயணசாமி என்னும் பெயர் இன்று வரலாற்றில் நிற்பதற்குக் காரணம் அதுவே. எவரும் பின்தொடர்ந்து செல்லாதிருந்தால், அவர் கப்பல் கணக்கேட்டில் ஓர் எண்ணாக மட்டுமே மறைந்திருப்பார்.

குடும்பங்களைக் காத்தவர் கதையும் இதனோடு சேர்ந்ததே. கட்டடக் கலைஞரான ஹெர்மன் காலன்பாக், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து சுமார் 21 மைல் தொலைவில் லாலி ரயில் நிலையத்தருகே இருந்த 1,100 ஏக்கர் பண்ணையை, 1910ஆம் ஆண்டு மே மாதம் போராட்டக் குடும்பங்களுக்கென வழங்கினார். டால்ஸ்டாய் பண்ணை எனப் பெயர் பெற்ற அவ்விடத்தில் சிறை சென்றோரின் மனைவி மக்கள் தங்கினர். சிறுவர்க்குத் தமிழ் கற்பிக்கும் பொறுப்பைக் காந்தியடிகளே ஏற்றார். போப் எழுதிய தமிழ்ப் பாடநூலைக் கொண்டு தாம் கற்ற சிறிதளவு தமிழைப் பிள்ளைகளுக்கு அவர் புகட்டினார் என்பது தமிழ்ச் சங்கத்தார் என்றும் நினைவில் வைக்கத்தக்கது.

பின்னர் 1913ஆம் ஆண்டுப் போராட்டத்தில் சிறை சென்று, கடும் காய்ச்சலுடன் விடுதலையான தில்லையாடி வள்ளியம்மையின் நோய்ப் படுக்கையருகே காந்தியடிகள் சென்று அமர்ந்து பேசினார். 1914 பிப்ரவரி 22ஆம் தேதி அப்பெண் மறைந்தபோது வயது பதினாறு. அவ்வாண்டு ஜூலையில், நாட்டை விட்டுப் புறப்படும் முன், நாகப்பன், வள்ளியம்மை இருவருடைய நினைவுக் கற்களையும் ஜோகன்னஸ்பர்க்கில் திறந்து வைத்தார். 1915 ஏப்ரலில் சென்னை வந்து நடேசனின் விருந்தினராகத் தங்கினார். அங்கு அளித்த வரவேற்புக்கு மறுமொழி கூறுகையில், நாகப்பன், நாராயணசாமி, வள்ளியம்மை போன்றோர்க்குத் தாம் ஊக்கம் அளித்ததாகச் சொல்வதை ஏற்கவில்லை. அவர்களே தமக்கு ஊக்கம் அளித்தவர் என்று பணிவுடன் உரைத்தார்.

பிற நாடுகளில்

இத்தகைய தொண்டு தென்னாப்பிரிக்காவோடு நின்றதன்று. 1914ஆம் ஆண்டு மே 23ஆம் தேதி 376 இந்தியரை ஏற்றிய ‘கோமகாட்டா மாரு’ கப்பல் கனடா நாட்டு வான்கூவர் துறையில் நின்றது. பெரும்பாலோர் சீக்கியர். இரு மாதம் கப்பலிலேயே அடைத்து வைக்கப்பட்டனர். கரையில் வாழ்ந்த இந்தியர் ஒரு குழு அமைத்துக் கப்பல் வாடகைக்குப் பணம் திரட்டினர்; வக்கீல் வைத்து வழக்காடினர். ஜூலை 23ஆம் தேதி கப்பல் திருப்பி அனுப்பப்பட்டது. அதே கனடாக் கரைக்கு 2010ஆம் ஆண்டு ஆகஸ்டில் ‘சன் சீ’ என்ற கப்பலில் இலங்கைத் தமிழர் 492 பேர் வந்து சேர்ந்தபோது, பலர் மாதக்கணக்கில் காவலில் வைக்கப்பட்டனர். இம்முறை அவர்களுக்கு வக்கீல் உதவி தேடவும் குரல் கொடுக்கவும் கனடாத் தமிழர் இருந்தனர்.

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிரேயுள்ள ஏஞ்சல் தீவில், 1910 முதல் 1940 வரை, வந்திறங்கிய சீனர் முதலியோரை விசாரணை முடியும் வரை அடைத்து வைத்தனர். அங்குக் காதரின் மௌரர் என்னும் கிறிஸ்தவத் தொண்டர் 1912ஆம் ஆண்டு முதல் இடையறாது சென்று, துணி, நூல், சோப்பு முதலியன தந்து, ஆங்கிலம் கற்பித்து வந்தார். சட்டத்தை மாற்றும் வல்லமை அவருக்கு இல்லை. எனினும் கம்பிக்குள் இருந்தோர்க்கு வெளியுலகம் உண்டு என்பதை அவர் நினைவூட்டிக்கொண்டே இருந்தார். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேற்றக் காவலில் உள்ளோரைச் சென்று காணும் தொண்டர் குழுக்கள் இன்றும் உள.

சென்று காண்பதன் பயன்

சென்று காண்பதால் என்ன விளையும்? பூட்டுத் திறக்குமா? பெரும்பாலும் திறப்பதில்லை. ஆயினும் மூன்று நன்மைகள் உண்டு. முதலாவது, அடைபட்டோரின் பெயரும் எண்ணிக்கையும் வெளியே தெரிந்துவிடுகின்றன. தெரிந்தபின் ஒருவரை எளிதில் மறைத்தல் இயலாது. இரண்டாவது, குடும்பத்துக்குச் செய்தி செல்கின்றது; உயிரோடிருக்கிறார் என்ற ஒரு சொல், அடுப்பெரியாத வீட்டில் அடுப்பெரியச் செய்யும். மூன்றாவது, தாய்மொழி. அதிகாரியின் மொழி அறியாதவன் பாதி ஊமை. அவன் மொழியில் பேச ஒருவர் வந்தால், அவன் மீண்டும் முழு மனிதனாகின்றான்.

இந்நெறி காளத்தியில் வாழும் நமக்குப் புதியதன்று. பெரிய புராணத்தில் சேக்கிழார் காட்டும் திண்ணனார், இம்மலை மீது இறைவனைக் கண்டதும் முதலில் என்ன எண்ணினார்? வரம் கேட்கவில்லை, தத்துவம் பேசவில்லை. கொடிய விலங்குகள் திரியும் காட்டில் இவர் துணையின்றித் தனியே இருக்கின்றாரே என்று உள்ளம் உருகினார். பசித்திருப்பாரே என்று உணவு தேடி ஓடினார். இரவெல்லாம் வில்லேந்திக் காவல் நின்றார். கண்ணை ஈந்தது ஆறாம் நாள் நிகழ்ந்தது. தனித்திருப்பவர்க்குத் துணை நின்றதோ முதல் நாள் நிகழ்ந்தது. முதல் நாள் தொண்டு நம்மனோர்க்கும் இயல்வதன்றோ?

நம் சங்கத்தின் கடன்

இக்காலத்தில், இவ்வட்டாரத்தில், அத்தகைய தேவை உண்டோ என்பார்க்கு ஒன்று கூறுவோம். சேஷாசலம் மலையில் செம்மரம் வெட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, ஜவ்வாது மலை முதலிய பகுதிகளின் ஏழைத் தொழிலாளர் பலர் நம் அண்டைச் சிறைகளில் அடைக்கப்பட்டதை யாவரும் அறிவோம். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி 20 தொழிலாளர் அம்மலைக் காட்டில் சுடப்பட்டு மாண்டதையும் மறந்தோமில்லை. 2013 டிசம்பரில் வனத்துறை அலுவலர் இருவர் கொல்லப்பட்டனர். அக்கொடிய நிகழ்ச்சி குறித்த வழக்கில் கைதான தமிழ்த் தொழிலாளர் 200க்கு மேற்பட்டோர், நெடுங்காலம் வழக்கை எதிர்கொண்டபின், 2016ஆம் ஆண்டு திருப்பதி நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். இவர்கள் குடியேற்றச் சட்டக் கைதிகள் அல்லர், இந்நாட்டுக் குடிமக்களே. ஆயினும் தெலுங்கு அறியாது, ஊர் அறியாது, தம் மீதுள்ள வழக்கு எதுவென்றும் அறியாது இருக்கும் ஒருவனுக்கு, சிறைச்சுவர் எந்த நாட்டினதாயினும் ஒன்றே.

குற்றம் உண்டா இல்லையா என்பதை நீதிமன்றம் தீர்க்கட்டும். செம்மரக் கொள்ளையை நாம் ஆதரிக்கவில்லை. காவல் துறையின் கடமையில் குறுக்கிடவும் சொல்லவில்லை. நாம் வேண்டுவது சிறிது. தமிழும் தெலுங்கும் எழுதப் படிக்கத் தெரிந்தோர் நம் காலனியில் வீட்டுக்கு ஒருவர் இருக்கின்றனர். சங்கத்தின் சார்பில் நால்வர் முன்வந்து, முறைப்படி அனுமதி பெற்று, குறித்த நாளில் சென்று காணலாம். வீட்டுக்குக் கடிதம் எழுதித் தரலாம். இலவச சட்ட உதவிக்கு மனு எழுதத் துணை புரியலாம். தாள்களில் உள்ள தெலுங்கைத் தமிழில் சொல்லலாம். செய்ய இயலாததை வாக்களித்தல் கூடாது. என்ன குற்றம் செய்தாய் என்று துருவுதலும் கூடாது. ஒரு முறை சென்றால், மறுமுறையும் செல்ல வேண்டும். வருவதாகச் சொல்லி வராதிருத்தல், அடைபட்டவனுக்கு இரண்டாம் சிறையாகும்.

விழாவுக்கென நாம் திரட்டும் நன்கொடையில் ஒரு சிறு பங்கை இதற்கென ஒதுக்குமாறு செயற்குழுவினரை வேண்டுகின்றோம். நடேசன் தம் மக்களை வரவேற்க டர்பன் வரை செல்லவில்லை. தாம் இருந்த சென்னையிலேயே கரம் நீட்டினார். நாமும் இருந்த இடத்திலிருந்தே நீட்டலாம். நாடு கடத்தப்பட்டோரின் பெயர்களில் சில நமக்குக் கிடைத்துள்ளன, கிடைக்காதவை பல. அவர்களில் எத்தனை பேர் நம் வட ஆர்க்காட்டு ஊர்களிலிருந்து சென்றவர்களின் மக்களோ! அவர்களுக்குச் செலுத்த வேண்டிய நன்றிக் கடனை, இன்று நம் அருகில் அடைபட்டிருப்போர்க்குச் செலுத்துவோமாக.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!